கௌபாய்கள் உண்மையில் எப்படிச் சுட்டார்கள், இரண்டாவது கை எப்போது வந்தது?

நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "சின்ன வயதில் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். கௌபாய் படங்களில் இடுப்பருகே வைத்து ஒரு கையால் சுடுகிறார்கள். போலீஸ் படங்களில் இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேரே நீட்டுகிறார்கள். 2024 ஒலிம்பிக்கில் ஒரு துருக்கிக்காரர் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சாவகாசமாகச் சுட்டு வெள்ளி வாங்கினார். இதில் எதுதான் சரியான முறை? அந்தக் காலத்து அமெரிக்க மேற்கில் நிஜமாகவே இடுப்பிலிருந்து சுட்டார்களா?"

மேலோட்டமாகப் பார்த்தால் 'எது சிறந்த ஸ்டான்ஸ் (சுடும்போது நிற்கும் முறை)' என்ற கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் 'சினிமா நம்மை ஏமாற்றியதா, ஏமாற்றியது என்றால் எவ்வளவு தூரம்' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஏமாற்றியது, நிறையவே. ஆனால் அந்த ஏமாற்று வேலை இல்லாமல் போயிருந்தால் இன்று போலீஸ்காரர்கள் பிடிக்கும் இரு கைப் பிடி இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: ரைஃபிள் கிளப் ஒன்றில் பல வருடங்களாக ஏர் பிஸ்டலும் .22 ஸ்போர்ட் பிஸ்டலும் சுடுகிறேன், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். அமெரிக்க மேற்கின் வரலாறு வாசிப்பில் வந்த பைத்தியம். காகித இலக்கைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை, என்னை யாரும் திருப்பிச் சுட்டதும் இல்லை. ஆகவே உயிர் போகிற நேரத்தில் எது கைகொடுக்கும் என்று நான் பேசும் இடங்களில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

முதலில் அந்தத் துருக்கிக்காரர், யூசுஃப் டிகெச். அவர் ஒரு கையால் சுட்டது ஸ்டைலுக்காக இல்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஒரு கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும், மணிக்கட்டுக்கு எந்த ஆதரவும் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் வெள்ளி வாங்கிய அதே கலப்பு அணிப் போட்டியில் வெண்கலம் வாங்கிய மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் ஒரு கையால்தான் சுட்டார்கள். சும்மா தொங்கும் கை ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் பிஸ்டல் ஆடும். அதனால் அந்தக் கையைப் பாக்கெட்டில் விடுவது, பெல்ட்டில் கட்டைவிரலைச் செருகிக்கொள்வது எல்லாம் எந்தக் கிளப்பிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். டிகெச் உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்கு, மற்றவர்கள் போல லென்ஸும் மறைப்பும் வைத்த விசேஷக் கண்ணாடி இல்லாமல், டீ குடிக்க வந்தவர் மாதிரி வந்து நின்றதுதான் காரணம். இலக்கின் நடுவில் இருக்கும் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சுட எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவசரம் இல்லை, பிஸ்டலில் உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இந்த வேலைக்கு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கையை நேராக நீட்டி, எலும்பின் மேல் பாரத்தை ஏற்றி நிற்பது நன்றாகவே ஒத்துவருகிறது.

இந்தப் பக்கவாட்டு நிலை ஒலிம்பிக் கண்டுபிடித்தது இல்லை. இதன் வேர் துவந்த யுத்தத்தில் இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கனவான்கள் மானப் பிரச்சினைக்காகப் பிஸ்டலோடு எதிரெதிரே நின்றபோது, எதிராளிக்குத் தன் உடம்பு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். 1806-ல் கென்டக்கியில் ஆண்ட்ரூ ஜாக்சன் சார்லஸ் டிக்கின்சனோடு மோதியபோது தொளதொளவென்ற கோட்டு போட்டுக்கொண்டு போனார். டிக்கின்சன் இதயத்துக்குத்தான் குறி வைத்தார். கோட்டுக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு கொஞ்சம் தப்பியது. தோட்டா ஜாக்சனின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஜாக்சன் திருப்பிச் சுட்டார், டிக்கின்சன் இறந்தார். 1829-ல் ஜனாதிபதியானபோதும் அந்தத் தோட்டா உள்ளேதான் இருந்தது. பக்கவாட்டில் நிற்பதன் அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னிருந்து பாயும் தோட்டா ஒரு நுரையீரலோடு நின்றுவிடலாம். பக்கத்திலிருந்து நுழைந்தால் இரண்டையும் கடந்துபோகும்.

ஒரு கைப் பழக்கத்துக்கு இன்னொரு காரணம் குதிரை. ஒரு கையில் கடிவாளம் இருக்கும்போது பிஸ்டலுக்கு மிச்சம் இருப்பது மற்ற கைதான். டெக்சஸ் ரேஞ்சர்கள் 1840-களில் கோல்ட் ரிவால்வர்களை வைத்துக் கமான்சி பூர்வகுடிகளோடு சண்டை போட்டது குதிரை மேலிருந்துதான். 1847-ல் அவர்களுக்காக வந்த வாக்கர் ரிவால்வர் சுமார் இரண்டு கிலோ எடை, அதைக் குதிரைச் சேணத்தில் தொங்கவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டல் பயிற்சி குதிரைப்படையின் பழக்கத்தை ஒட்டி வளர்ந்தது. குதிரைகள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை அமெரிக்கச் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் இலக்குப் பயிற்சியில் ஒரு கையை நீட்டித்தான் நின்றார்கள். அதற்கு வேறு பெரிய தத்துவம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, வாத்தியார் அப்படி நின்றார், மாணவரும் அப்படி நின்றார்.

இனி மேற்குக்கு வருவோம். நாம் படங்களில் பார்க்கும் ரிவால்வர் பெரும்பாலும் 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை, பின்னுக்கு இழுத்தால்தான் சுடும். அதன் கைப்பிடி வளைந்து, ஏர்க்கலப்பையின் பிடி மாதிரி இருக்கும். சுட்டவுடன் துப்பாக்கி உள்ளங்கையில் மேல்நோக்கி உருளும், ஹேமர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு கைக்காகவே வடிவமைத்த சாமான் அது. ஆறு அறைகள் இருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தில்தான் தோட்டா போட்டு, ஹேமரைக் காலி அறையின் மேல் நிறுத்திவைப்பார்கள். கீழே விழுந்தால் தானாக வெடித்துவிடும் ஆபத்து இருந்தது. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல்பக்கத்தில் ஒரு பள்ளமும் முன்னால் மெல்லிய தகடும்தான். இரண்டுக்கும் நடுவில் 15 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள்: முன்தகடு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 15 மீட்டர் தூரத்தில் தோட்டா 10 சென்டிமீட்டர் விலகும். தகட்டைப் பார்க்கவே பார்க்காமல் இடுப்பிலிருந்து சுட்டால் விலகல் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே கருமருந்துப் புகை வேறு. புகையில்லா மருந்தை 1884-ல்தான் பிரான்சில் போல் வியேய் செய்தார், ரிவால்வர் தோட்டாவுக்கு அது வந்து சேர மேலும் சில வருடங்கள் ஆயின. அறைக்குள் நாலு குண்டு வெடித்தால் எதிராளி புகைக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார்.

வெட்டவெளியில் இருவர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் காட்சிக்கு உண்மையான முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1865 ஜூலை 21, மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்ச் சதுக்கம். 'வைல்ட் பில்' ஹிக்காக்குக்கும் டேவிஸ் டட்டுக்கும் சூதாட்டக் கடன் தகராறு. 35 டாலர் பாக்கி என்றார் டட், 25-தான் என்றார் ஹிக்காக். டட் ஹிக்காக்கின் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்க அதை அணிந்து வருவேன் என்றார். இருவரும் சுமார் 75 கஜ தூரத்தில், அதாவது கிட்டத்தட்ட 70 மீட்டரில் நின்று, ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட்டார்கள். டட்டின் குண்டு தவறியது, ஹிக்காக்கின் குண்டு தவறவில்லை. தோட்டா ஒரு பக்க விலாவில் நுழைந்து மறுபக்க விலாவில் வெளியேறியது என்று மருத்துவர் சாட்சி சொன்னார். அதாவது டட் துவந்த யுத்தப் பாணியில் பக்கவாட்டில் திரும்பி நின்றிருக்கிறார். இதுவரை நம்பலாம். ஹிக்காக் எப்படி நின்றார் என்பதில்தான் சிக்கல். பிஸ்டலை மற்றக் கையின் மேல் ஊன்றிக் குறிபார்த்துச் சுட்டார் என்று ஒரு விவரம் திரும்பத் திரும்ப வருகிறது. அது உண்மையானால் மேற்கின் மிகப் புகழ்பெற்ற சண்டையை ஜெயித்தது இரண்டாவது கைதான். எனக்கு அதை நம்ப ஆசை, 70 மீட்டரில் ரிவால்வரால் ஓர் ஆளைச் சுடுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்ததால் இன்னும் ஆசை. ஆனால் ஆசை சாட்சியாகாது. வேகமாக உருவினார், இடுப்பிலிருந்து சுட்டார் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அவர் தொடையில் தாழத் தொங்கும் உறையும் வைத்திருக்கவில்லை. இரண்டு 'நேவி' மாடல் கோல்ட் ரிவால்வர்களைக் கைப்பிடி முன்னால் பார்க்க இடுப்பில் செருகியிருப்பார்.

அடுத்த பிரபலச் சண்டை 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன். ஓகே கொரால் என்று பெயர் நிலைத்துவிட்டது, நடந்தது அதற்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய காலி மனையில். ஆரம்பத்தில் இரு தரப்புக்கும் இடையே இருந்தது ஆறு முதல் பத்தடி. சுமார் 30 வினாடி, சுமார் 30 குண்டு. மூன்று பேர் செத்தார்கள், மூன்று பேர் காயம்பட்டார்கள். ஒரு திண்ணை அகலத் தூரத்தில் முப்பது குண்டில் எத்தனை வீண் என்று பாருங்கள், துப்பாக்கிக்குப் பழகிய ஆட்கள் கை நடுங்கும்போது எப்படிச் சுடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. காவல் தரப்பில் நின்ற வியாட் எர்ப் நீதிமன்றத்தில் தன் பிஸ்டல் எங்கே இருந்தது என்று சொன்னார்: ஓவர்கோட்டுப் பாக்கெட்டில். அவர் கூட்டாளி டாக் ஹாலிடே கோட்டுக்குள் வைத்திருந்தது ஷாட்கன். ஊருக்குள் ஆயுதம் எடுத்துவரக் கூடாது என்ற நகரச் சட்டத்தை அமல்படுத்தப் போன இடத்தில்தான் இந்தச் சண்டையே வந்தது. படங்களில் இந்த விஷயத்தை அநேகமாகச் சொல்லவே மாட்டார்கள். அப்புறம் பெரிய பெயர்கள் செத்த விதத்தைப் பாருங்கள். ஹிக்காக் 1876-ல் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து. ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1882-ல் வீட்டுக்குள் பின்னாலிருந்து. ஜான் வெஸ்லி ஹார்டின் 1895-ல் மதுக்கடையில் பின்னாலிருந்து. பில்லி த கிட் 1881-ல் இருட்டு அறையில், எதிரே யார் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது. 1887-ல் ஃபோர்ட் வொர்த்தில் லூக் ஷார்ட்டும் ஜிம் கோர்ட்ரைட்டும் எதிரெதிரே நின்று மோதியது போல ஒன்றிரண்டு உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். அந்தத் தூரத்தில் ஸ்டான்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேற்கு உண்மையில் எவ்வளவு ரத்தக்களரியாக இருந்தது என்பதில் வரலாற்று ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. கான்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை நகரங்களில் 1870 முதல் 1885 வரை 45 கொலைகள்தான் என்று ராபர்ட் டைக்ஸ்ட்ரா எண்ணிச் சொன்னார். வருடத்துக்கு மூன்று, ஐந்து ஊருக்கும் சேர்த்து. அந்த ஊர்களில் ஆயிரம் இரண்டாயிரம் பேர்தானே இருந்தார்கள், விகிதம் பார்த்தால் பயங்கரம் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் வாரம் ஒரு தெருச் சண்டை நடந்த ஊர் எதுவும் அங்கே இல்லை.

அப்படியானால் இடுப்பிலிருந்து சுடும் அந்த உருவம் எங்கிருந்து வந்தது? அதைக் கிளப்பிவிட்டதில் மேற்கத்தியர்களுக்கே பங்கு உண்டு. 1867 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் இதழ் ஹிக்காக்கை நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற வீரனாக எழுதியது. சில வருடம் கழித்து ஹிக்காக்கே பஃபலோ பில் கோடியோடு மேடை ஏறித் தன் வேஷத்தைத் தானே போட்டு நடித்தார், மோசமாக நடித்தார் என்று கேள்வி. கோடி 1883-ல் தன் பெரிய வைல்ட் வெஸ்ட் காட்சியைத் தொடங்கி, 1887-ல் லண்டன் வரை கொண்டுபோனார். அதில் குதிரை மேலிருந்து கண்ணாடி உருண்டைகளைச் சுட்டு உடைப்பது முக்கிய அயிட்டம். தோட்டாவுக்குள் இருந்தது ஒற்றைக் குண்டு இல்லை, சின்ன ரவைகள். பார்வையாளர்களின் பாதுகாப்புக்கும் அது தேவைதான், ஆனால் பார்த்த ஜனங்கள் மனதில் பதிந்தது 'பாயும் குதிரையிலிருந்து குறி தப்பாத வீரன்'. சினிமா வந்தபோதும் எல்லை மங்கலாகவே இருந்தது. வியாட் எர்ப் கடைசிக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்து, 1929-ல் இறந்தபோது அவர் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் கௌபாய் நடிகர்கள் வில்லியம் எஸ். ஹார்ட்டும் டாம் மிக்ஸும் இருந்தார்கள்.

இதில் கேமராவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் ஹீரோவின் முகம் மறைந்துவிடும். இடுப்பில் வைத்தால் முகமும் தெரியும், துப்பாக்கியும் தெரியும், முறைப்பும் தெரியும். பின்னாள் போலீஸ் படங்களில் கதவருகே ஒளியும் ஹீரோ பிஸ்டலைக் கன்னத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடிப்பதும் இதே கணக்குத்தான், குளோசப்பில் இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். நம் ஜெய்சங்கர் தொப்பியும் பெல்ட்டுமாக வந்த எழுபதுகளின் படங்களுக்கும் இலக்கணம் அங்கிருந்துதான் வந்தது. தொடையில் தாழத் தொங்கும் உறையும் அந்தப் பழைய மேற்குக் காலம் முடிந்த பிறகு வந்த சரக்கு. 1950-களில் ஹாலிவுட்டில் ஆர்வோ ஓஜாலா என்பவர் தோலுக்குள் உலோகத் தகடு வைத்து உறை செய்தார், உறைக்குள் இருக்கும்போதே சிலிண்டர் தடையில்லாமல் சுற்றும், உருவும்போதே ஹேமரை இழுத்துவிடலாம். நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். 1955 முதல் 1975 வரை ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷலிடம் வாராவாரம் தோற்று விழும் ஆளும் அவரேதான்.

நான் முதலில் சொன்ன கதை இங்கேதான் தொடங்குகிறது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி முழுக்கக் கௌபாய் தொடர்கள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆபீஸ் போகிறவர்கள், மெக்கானிக்குகள், போலீஸ்காரர்கள் எல்லாரும் உறை வாங்கி மாட்டிக்கொண்டு உருவிப் பழக ஆரம்பித்தார்கள். தன் காலைத் தானே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு, அதனால்தான் பல கிளப்புகள் வெற்றுத் தோட்டாவுக்கும் மெழுகுக் குண்டுக்கும் மாறின. இந்த ஜுரத்தைப் பயன்படுத்தி, மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் என்ற எழுத்தாளர் தெற்குக் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிப் பகுதியில் 'லெதர் ஸ்லாப்' என்ற போட்டியை நடத்தினார். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், 21 அடி தூரத்தில் ஆளுக்கு ஒரு வரிசை பலூன், உருவிச் சுட்டு முதலில் எல்லாவற்றையும் உடைப்பவர் ஜெயித்தார். சுடும் முறைக்கு எந்த விதியும் இல்லை. எல்லாரும் படத்தில் பார்த்தபடி இடுப்பிலிருந்து சுட்டார்கள், கூப்பரே அப்போது அந்தக் கட்சிதான். குண்டுகள் பறந்தன, பலூன்கள் அப்படியே நின்றன.

1959-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் துணை ஷெரிஃப் ஜாக் வீவர் வேறு மாதிரி செய்தார். ரிவால்வரை உருவி, கண் மட்டத்துக்குத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து, முன்தகட்டைப் பார்த்துச் சுட்டார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதம்தான், ஆனால் முதல் குண்டே பட்டது. ஜெயித்துக்கொண்டே போனார். பார்த்தவர்களுக்கு ஆரம்பத்தில் அது என்னவோ பெண்பிள்ளைத்தனம் மாதிரி பட்டிருக்கும், தோற்றுப் பார்த்த பிறகு எல்லாருமே மாறினார்கள். கூப்பர் மாறியதோடு நில்லாமல் அதை எழுதி எழுதிப் பரப்பினார், 1976-ல் அரிசோனாவில் பள்ளியே தொடங்கினார். அந்தக் காலத்தில் எஃப்பிஐ ஆட்கள் முழங்காலை மடித்துக் குனிந்து ஒரு கையால் இடுப்பு மட்டத்தில் நீட்டிச் சுடத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள், 1980-களில் அவர்களும் வீவர் பக்கம் வந்தார்கள். இரு கையால் பிடிக்கலாம் என்பது அதற்கு முன்னால் யாருக்கும் தோன்றாத யோசனை இல்லை. தனித்தனியாகப் பலர் செய்திருக்கிறார்கள், ஷாங்காய் போலீஸில் ஃபேர்பெர்னும் சைக்ஸும் தூரத்து இலக்குக்கு இரு கைதான் சொன்னார்கள். ஆனால் அது எல்லாருக்குமான அடிப்படைப் பாடமானது பலூன் உடைத்த அந்தப் போட்டிகளுக்குப் பிறகுதான். டிவி கௌபாய்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கூடிய மைதானத்தில்தான் டிவி கௌபாயின் பாணி அடிபட்டுப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது எங்களைப் போன்ற ஆட்கள் டீக்கடையில் மணிக்கணக்காகச் சண்டை போடும் விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். வீவர் முறையில் உடம்பு லேசாகப் பக்கவாட்டில் இருக்கும், முழங்கைகள் மடங்கியிருக்கும், சுடும் கை முன்னே தள்ளும், துணைக் கை பின்னே இழுக்கும். ஐசோசிலிஸ் (இருசமபக்க முக்கோணம்) முறையில் மார்பு இலக்கை நேராகப் பார்க்கும், இரு கைகளும் சமமாக நீளும். 1980-களின் தொடக்கத்தில் போட்டி வீரர்கள் ராப் லேதமும் பிரையன் ஈனோஸும் இரண்டாவதை வைத்துப் போட்டிகளை அள்ளினார்கள், இன்று போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான். குண்டு துளைக்காத கவசம் போட்ட போலீஸ்காரர் நேராக நின்றால் கவசத்தின் அகலமான பாகம் எதிரே இருக்கும், பக்கவாட்டில் நின்றால் அக்குள் திறந்திருக்கும் என்ற வாதமும் உண்டு. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் மாற்றத்துக்குக் காரணமே அதுதான் என்று சொல்பவர்கள் போட்டி முடிவுகளை மறந்துவிடுகிறார்கள். பயந்தவன் எப்படியும் நேராகத்தான் திரும்பி நிற்பான், அதனால் ஐசோசிலிஸ்தான் இயற்கை என்றும் சொல்வார்கள். இருக்கலாம், முன்பே சொன்னபடி இங்கே என் பேச்சில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் நான் பார்த்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: இரு கைப் பிடியில் உதைப்புக்குப் பிறகு தகடு சீக்கிரம் பழைய இடத்துக்குத் திரும்பும், அதனால் இரண்டாவது குண்டு நன்றாக விழும். முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விசையை இழுக்கும் விரல்தான், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது இல்லை.

இடுப்புச் சுடுதலை முழுக்கக் கிண்டல் செய்யவும் முடியாது. இன்றும் அமெரிக்காவில் மெழுகுக் குண்டு வைத்து ஃபாஸ்ட் டிரா போட்டி நடக்கிறது, விளக்கு எரிந்ததும் அரை வினாடிக்குள் உருவி, 21 அடித் தகட்டை இடுப்பிலிருந்தே அடிக்கிறார்கள். அந்த ஒரே தூரம், அந்த ஒரே தகடு, ஆயிரக்கணக்கான முறை பழக்கம் என்றால் அது வேலை செய்யும். இன்னொரு பக்கம் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்ற விளையாட்டு, 1980-களில் தொடங்கியது. தொப்பி, பூட்ஸ், பழைய மாடல் ரிவால்வர், ஆளுக்கொரு பட்டப்பெயர் என்று 1880-ஐ அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். நிற்பது மட்டும் பெரும்பாலும் 1980-கள் பாணி: இரு கைப் பிடி, துணைக் கையின் கட்டைவிரல் ஹேமரை இழுக்கும். பழைய பாணியில் ஒரு கையால்தான் சுடுவேன் என்பவர்களுக்கு 'டூயலிஸ்ட்' என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வரலாற்றுச் சுத்தக்காரர்களுக்கும் நேரக் கணக்குக்காரர்களுக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் சுத்தக்காரர்கள் கட்சி, ஆனால் ஜெயிப்பது மற்றவர்கள்தான்.

கடைசியாக, 'நான் கற்றுக்கொள்வதென்றால் எதைக் கற்பது' என்று கேள்வியின் அடியில் இன்னொரு வரி இருந்தது. நம் ஊர் கிளப்புகளில் சேர்ந்தால் ஏர் பிஸ்டலில்தான் ஆரம்பிப்பீர்கள், விதிப்படி ஒரு கைதான், தேர்வு உங்களிடம் இல்லை. எந்தப் பக்கக் கண் மேலோங்கியது என்று கோச் முதல் நாளே பார்ப்பார், அதைப் பார்க்காத கோச்சாக இருந்தால் நீங்களே கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, திறந்து பார்க்கும்போது பிஸ்டல் எங்கே நிற்கிறதோ அந்தப் பக்கம் உங்கள் பாதத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள், கையை வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. பிறகு பல வாரம் காலிப் பிஸ்டலோடு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை இழுக்க வேண்டியிருக்கும், தகடு அசையாத வரைக்கும். பாதிப் பேர் அங்கேயே அலுத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். வீவரா ஐசோசிலிஸா என்ற பேச்சை நான் மீதிப் பாதிப் பேரோடு மட்டும்தான் வைத்துக்கொள்வது.